ஒற்றை நட்சத்திரத்தின் எடை

9 ஜூன் 2025, திங்கள்

இன்று சொல்லாதது: ஐந்தாம் நட்சத்திரக் கொத்தின் எண் வெள்ளிக்கிழமையே வந்துவிட்டது.

ஆய்வகத்தின் வாராந்தரக் கூட்டத்தில் ஷைலஜா டீச்சர் தன் மலையாளத்தில் கேட்டார். ஆறு வருடமாக என் முனைவர் பட்ட ஆய்வுக்கு வழிகாட்டி. என் ஒவ்வொரு வரைபடத்தையும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத்தான் பார்ப்பார். "அஞ்சாமத்தது எந்தாயி லிஜா?" கணக்கு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது என்றேன். எதுவும் ஓடவில்லை. கணினி தன் வேலையை முடித்து, எண்ணைத் தந்துவிட்டு, மூன்று நாளாகச் சும்மா கிடக்கிறது.

திருவனந்தபுரத்திலிருந்து நெய்யாற்றின்கரை வரை ரயிலில் நின்றுகொண்டே வந்தேன். உட்கார இடம் இருந்தது. பையில் பாதி வாசித்த நாவலும் இருந்தது. வீட்டுக்கு, ஆரியங்கோட்டுக்கு பஸ் ஏறிய பிறகுதான் கால் வலித்தது.

எண்: நொடிக்கு 12.3 கிலோமீட்டர். நான்கோ ஐந்தோ வந்திருக்க வேண்டும்.

10 ஜூன்

பயம் வரும்போது அடியிலிருந்து எழுதிப் பார்ப்பது என் வழக்கம். அதுவும் தமிழில். ஆய்வகத்தில் யாருக்கும் இந்த எழுத்து வாசிக்கத் தெரியாது.

ஒரு கோடியே இருபது லட்சம் ஒளியாண்டு தூரத்தில் ஒரு விண்மீன் மண்டலம். வானியலில் இது பக்கத்து வீடு. அதற்குள் இளம் நட்சத்திரக் கொத்துகள். பிறந்து இரண்டு கோடி வருடம்கூட ஆகாதவை, பெரியவற்றில் லட்சக்கணக்கான நட்சத்திரங்கள். அவற்றின் எடையை அறிய இரண்டு வழி உண்டு. ஒன்று வெளிச்சம். நிறம் வயதைச் சொல்லும். இந்த வயதில் இவ்வளவு வெளிச்சம் தர எவ்வளவு எடை வேண்டும் என்று கணக்குப் போடலாம். மற்றது ஓட்டம். கொத்துக்குள் நட்சத்திரங்கள் அங்குமிங்கும் ஓடுகின்றன. அவ்வளவு ஓடியும் கொத்து சிதறவில்லை என்றால், அதை இழுத்துப் பிடிக்க அதற்கேற்ற எடை உள்ளே இருக்கிறது. ஓட்டம் இரு மடங்கானால் எடை நான்கு மடங்கு.

அவ்வளவு தூரத்தில் தனித்தனியாக நட்சத்திரத்தைப் பார்க்க முடியாது. மொத்தமாக வரும் ஒளியைப் பிரித்தால் கறுப்புக் கோடுகள் தெரியும். நம்மை நோக்கி வருகிறவை, விலகிப் போகிறவை எல்லாம் கலந்து அந்தக் கோடுகள் அகன்றிருக்கும். எவ்வளவு அகன்றிருக்கின்றன என்று அறிய, நம் பக்கத்திலேயே உள்ள ஒரு தனி நட்சத்திரத்தின் கோட்டோடு ஒப்பிட வேண்டும். அதை மாதிரி நட்சத்திரம் என்போம். அகலத்தில் உள்ள வித்தியாசம் ஓட்டம். ஓட்டத்தோடு கொத்தின் குறுக்களவையும் சேர்த்தால் எடை. இவ்வளவுதான் என் ஆறு வருடம்.

கட்டுரையில் நான்கு கொத்துகள். நான்கிலும் ஓட்டம் சொல்லும் எடை, வெளிச்சம் சொல்லும் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு. மூன்றாம் கொத்துக்கு வெளிச்சப்படி மூன்றரை லட்சம் சூரியன்களின் எடை. நான் அளந்தது ஒன்பதே முக்கால் லட்சம். ஆகவே, வெளிச்சத்தில் தெரியாத சின்னஞ்சிறு நட்சத்திரங்கள் அங்கே ஏராளமாக மறைந்திருக்கின்றன என்று எழுதினோம். பெரிய பேச்சு. மே 30 அன்று பத்திரிகை ஏற்றுக்கொண்டது. அதை வைத்துத்தான் ஜெர்மனியில் மூன்று வருட வேலைக்கு அழைத்திருக்கிறார்கள். ஜூலை 3 நேர்காணல். அரை மணி நேரம் இதைப் பற்றியே பேச வேண்டும்.

ஐந்தாவது கொத்து அடுத்த கட்டுரைக்காக எடுத்தது. சின்னது. வெளிச்சப்படி எழுபதாயிரம் சூரியன். என் அளவுப்படி ஐந்து லட்சம். ஏழு மடங்கு.

ஏழு மடங்கு என்றால் சந்தோஷப்படலாம். ஆனால் மூன்றாம் கொத்தின் ஓட்டம் 14.6. வெளிச்சப்படி அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்கே உள்ளதற்கு 12.3. பெரியதும் சிறியதும் ஏறக்குறைய ஒரே வேகத்திலா ஓடும்?

12 ஜூன்

கணக்கை மறுபடி ஓட்டினேன். 12.3.

13 ஜூன்

மழை. ரப்பர் பால் வெட்டு இல்லை. அண்ணன் ஜெனில் வீட்டிலிருந்தான். ரப்பர் பால் சேகரிக்கும் நிலையம் வைத்திருக்கிறான். யார் பாலில் எவ்வளவு ரப்பர், எவ்வளவு வெள்ளம், அதாவது தண்ணீர், என்று அளந்து எடுப்பதுதான் அவன் வேலை.

புட்டைப் பிசைந்துகொண்டே ஆரம்பித்தான். "ஏட்டி, ஒரு மாசமாட்டு ஒரே சாமானத்த நிறுக்கிய. எனக்க கடையாருந்தா ஆளு பாலத் தூக்கிட்டு வேற எடத்துக்குப் போயிருப்பான்."

"அவள தின்ன விடுலே" என்றாள் அம்மா.

நான் கேட்டேன்: "அண்ணா, வெள்ளம் சேத்தவனுக்கும் சேக்காதவனுக்கும் ஒரே கணக்கு வந்தா நீ என்ன செய்வ?"

"எல்லாவனுக்குமா?"

"எல்லாவனுக்கும்."

"அப்ப நான் பால நோக்கமாட்டேன். எனக்க அளவுக்கோல நோக்குவேன்." பிறகு அம்மாவைப் பார்த்து, "இதக் கேக்கவாக்கும் ஆறு வருசம் படிச்சா" என்றான்.

எனக்கும் தெரிந்ததுதான். வேறொருவர் வாயால் கேட்க வேண்டியிருந்தது.

15 ஜூன், ஞாயிறு

அப்பா சபையின் செயலாளர். ஆராதனை முடியுமுன் அறிவிப்புகளை வாசிப்பது அவர். வீட்டில் பேசும் குரல் வேறு, அந்தக் குரல் வேறு. கல்யாண ஓலை, பெண்கள் ஐக்கியக் கூட்டம், கல்லறைத் தோட்டத்தில் புல் வெட்டு — அதன் பிறகு, எனக்கு முன்கூட்டிச் சொல்லாமல்:

"நம் சபையின் மகள் செல்வி லிஜா, வானத்தில் மறைந்திருந்த நட்சத்திரங்களைக் கண்டுபிடித்து, ஜெர்மனி தேசத்துக்கு அழைப்புப் பெற்றிருக்கிறார். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் பாட்டுப் புத்தகத்தின் அட்டவணையை வாசித்துக்கொண்டிருந்தேன்.

வெளியே பாடகர் குழு விஜயம்மா மாமி கையைப் பிடித்துக்கொண்டாள். "மறைஞ்சதக் கண்டுபிடிக்குத பிள்ளையாக்கும். எனக்க கம்மலுக்க திருகாணி போய் மூணு மாசம் ஆச்சு மக்களே. நேரம் கிடைச்சா அதையும் ஒண்ணு நோக்கு." குடைகளுக்கடியில் எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

வரும் வழியில் அப்பா கேட்டார்: "நான் கூடுதலாட்டு ஒண்ணும் வாசிக்கலியே?"

"இல்லப்பா."

ஒரே வாரத்தில் இரண்டாவது தடவை உண்மையைச் சொல்லாமல் விட்டேன்.

17 ஜூன்

கண்டுபிடித்துவிட்டேன்.

கருவியில் பிழையில்லை. பிழை மாதிரி நட்சத்திரத்தில்.

மூன்று மாதிரிகள் எடுத்திருந்தோம். முதலாவதும் மூன்றாவதும் மேகத்துக்கு நடுவே எடுத்தவை, கோடே தெளியாமல் ஒரே இரைச்சல். இரண்டாவது எடுத்தபோது வானம் திறந்திருந்தது. கழுவிவைத்த கண்ணாடிக் குவளை மாதிரிச் சுத்தம். இரண்டாம் வருடத்தில் நான்தான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். எவ்வளவு அழகாகப் பொருந்துகிறது என்று அன்றைக்குச் சந்தோஷப்பட்டது நினைவிருக்கிறது.

இன்று தொலைநோக்கியில் எழுதிய மூலப் பதிவேட்டைத் திறந்தேன். கணினிக்குப் படிக்கக் கொடுப்பதற்காக அதை அட்டவணையாக மாற்றியதும் நான்தான். கடைசிப் பத்தி 'குறிப்பு'. அதில் எண்ணுக்குப் பதில் சொற்கள் இருந்ததால் கணினி நிரல் தடுக்கி விழுந்துகொண்டே இருந்தது. அந்தப் பத்தியை வெட்டினேன். வாசிக்காமல் வெட்டினேன்.

இரண்டாவது நட்சத்திரத்துக்கு எதிரே எழுதியிருப்பது: "சிவப்பு அரக்கன். வேகத்தைச் சரிபார்க்க மட்டும். மாதிரியாக எடுக்க வேண்டாம்."

இளம் கொத்துகளிலிருந்து வரும் சிவப்பு ஒளியில் பெரும்பகுதி பேரரக்கன் என்னும் மிகப் பெரிய சிவப்பு நட்சத்திரங்களுடையது. பேரரக்கனின் மேற்பரப்பு உலையில் கொதிக்கும் கஞ்சி மாதிரி. நொடிக்குப் பத்துக் கிலோமீட்டருக்கு மேல் ஏறியும் இறங்கியும் கிடக்கும். அதனால் ஒவ்வொரு பேரரக்கனின் கோடும் பிறவியிலேயே அகலம். அதைவிடச் சிறிய வெறும் அரக்கன் அவ்வளவு கொதிக்காது, கோடு மெல்லியது. மெல்லியதை வைத்து ஒப்பிட்டால் கொதிப்பெல்லாம் ஓட்டமாகக் கணக்கில் ஏறும்.

அப்படித்தான் ஏறியிருக்கிறது. ஐந்து கொத்திலும்.

18 ஜூன்

அந்தக் குறிப்பை எழுதியது ஷிபின் சேட்டன். பூவார்க்காரர், எனக்கு மூத்த மாணவர், கட்டுரையில் இரண்டாவது பெயர். இப்போது வானியலை விட்டுவிட்டுப் பெங்களூரில் மென்பொருள் நிறுவனத்தில் இருக்கிறார். மதிய இடைவேளையில் அழைத்தேன்.

"சேட்டா, அந்த ரெண்டாவது மாதிரி அரக்கனா?"

"பின்னே? எழுதி வச்சிருந்தேனே."

"நான் வாசிக்கல."

அவர் பக்கம் லிஃப்ட் திறக்கும் சத்தம் கேட்டது.

"கட்டுரையில அதையா போட்டிருக்க?"

"நீங்க கட்டுரைய வாசிக்கலியா?"

"சத்தியமாட்டு சொல்லுதேன் லிஜா. எனக்க பேரு சரியாட்டு இருக்கான்னு மட்டும் நோக்கினேன்."

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். பிறகு அவர் குரல் மாறியது. "எனக்கு இதுல போறதுக்கு ஒண்ணும் இல்ல. நான் கரையேறினவன். ஒனக்காக்கும். டீச்சர்ட்ட பறஞ்சியா?"

"இல்ல."

"பறயணும்."

"தெரியும்."

19 ஜூன்

சொன்னேன். நாவல்களில் ஒருவர் இப்படி உண்மையைச் சொன்னதும் இடி இடிக்கும். டீச்சர் பாதி வடையை எனக்குப் பிட்டுத் தந்தார்.

பிறகு கேட்டார். கேட்டதெல்லாம் நியாயம். மேகத்துக்குள் எடுத்த இரண்டு மோசமான பேரரக்கன் மாதிரிகளை வைத்துக்கொண்டு நல்ல மாதிரியைத் தள்ளிவிடலாமா? அந்த இரண்டையும் வைத்து ஓட்டினால் மூன்றாம் கொத்துக்கு என்ன வருகிறது? எட்டிலிருந்து பதினொன்று வரை, ஓட்டுகிற ஒவ்வொரு தடவையும் ஒன்று, என்றேன்.

"நினக்கு ஒறப்பாணோ?"

முழுக்க உறுதி என்று சொல்ல முடியவில்லை.

உறுதியில்லாமல் ஏற்கப்பட்ட கட்டுரையைத் திரும்பப் பெற முடியாது என்றார். நேர்காணல் கழியட்டும், நிதானமாகப் பார்த்துப் பிறகு ஒரு திருத்தம் வெளியிடலாம். கெட்டவர் இல்லை. எனக்கு அந்த வேலை கிடைக்க வேண்டும் என்று என்னைவிட அதிகம் ஆசைப்படுகிறவர்.

நேர்காணல் கழியட்டுமாம். அரை மணிக்கூர் அவ்வளவு பேருக்க முன்னால நின்னு, இல்லாத நட்சத்திரத்த உண்டுண்டுன்னு சொல்லணும். சொல்லிட்டு வேலைய வாங்கணும். வாங்கிட்டு அங்க போயிருந்து, 'மன்னிக்கணும், சின்னப் பிழை'ன்னு எழுதணும். எனக்கு அது முடியாது. முடியாதுன்னா முடியாது.

ஆனால் டீச்சர் கேட்டதும் சரி. உறுதி வேண்டும்.

20 ஜூன்

பத்திரிகையிலிருந்து அச்சுப்படி வந்தது. திங்கள் மாலைக்குள் திருத்தி அனுப்ப வேண்டும். ஒன்பது கேள்விகள் கேட்டிருக்கிறார்கள். நான்காவது: "ஆசிரியர் பெயர் 'லிஜா எஸ். ஏ.' என்பது சரிதானா?"

அது சரிதான்.

21 ஜூன், சனி

யோசித்து ஒரு வழி கண்டேன். எங்களிடம் நல்ல பேரரக்கன் இல்லை. ஆனால் அதே தொலைநோக்கியில், அதே கருவியில், ஒளி நுழையும் அதே பிளவில் வேறு யாராவது எடுத்திருப்பார்கள். ஒரு வருடம் கழிந்தால் எல்லாத் தரவும் பொதுவில் வந்துவிடும். காலை முழுவதும் தேடினேன். வேறொரு குழு நான்கு வருடத்துக்கு முன் வேறெதற்கோ எடுத்தது — ஒரு சிவப்புப் பேரரக்கன், தெளிந்த வானம், அருமையான தரவு. யாரும் தொடாமல் கிடக்கிறது.

இறக்க வேண்டியது இரண்டரை ஜிபி. வீட்டில் மழைக்கு நெட் இல்லை, பத்து மணிக்குக் கறண்டும் போனது. ஜெனிலின் நிலையத்துக்குப் பக்கத்தில் டவர் உண்டு. மடிக்கணினியைத் துண்டில் சுற்றிக்கொண்டு போய்ப் பால் பீப்பாய்களுக்கு நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். பால் உறையாமலிருக்க ஊற்றும் அமோனியாவின் நெடியில் கண்ணில் நீர் வந்தது.

பால் கொண்டு வந்த இரண்டு பேர் என்னைப் பார்த்ததும் பயந்து வாசலிலேயே நின்றுவிட்டார்கள்.

"வாங்க, வாங்க. பேடிக்கண்டாம்" என்றான் ஜெனில். "பரிசோதனைக்கு வந்த ஆளொண்ணும் இல்ல. எனக்க தங்கச்சியாக்கும்."

"பின்ன கம்ப்யூட்டர்ல என்னத்த எழுதுது?"

"நச்சத்திரம் எறக்குதா."

அவர்கள் அதையும் நம்பவில்லை. வெள்ளம் கலந்த கேனைத் திருப்பி ஆட்டோவில் ஏற்றியதை நான் பார்க்காத மாதிரி இருந்தேன். நாற்பது நிமிடத்தில் தரவு இறங்கியது.

22 ஜூன், ஞாயிறு

ஆராதனைக்குப் போகவில்லை. "காய்ச்சலா?" என்றாள் அம்மா. "இல்ல, சோலி உண்டு" என்றேன். காய்ச்சல் என்றிருந்தால் எளிதாக முடிந்திருக்கும். அப்பா குடையை எடுத்துக்கொண்டு போனார்.

புதிய பேரரக்கனை மாதிரியாக வைத்து ஓட்டுவதுதான் திட்டம். அதற்கு முன் ஒன்று தோன்றியது. அதையே ஒரு கொத்து என்று பாவித்தால்?

ஒரே ஒரு நட்சத்திரம். உள்ளே ஓடுவதற்கு வேறு யாரும் இல்லை. அதை எங்கள் பழைய மாதிரியோடு, அந்த அழகான அரக்கனோடு, ஒப்பிட்டால் ஓட்டம் பூஜ்யம் வர வேண்டும். முறை சரியென்றால்.

11.5 வந்தது.

மூன்றாம் கொத்தின் குறுக்களவையே அதற்கும் கொடுத்து எடை போட்டேன். ஆறு லட்சம் சூரியன். ஒற்றை நட்சத்திரம் — உண்மையில் இருபது சூரியன்கூடத் தேறாது. என் முறை அதற்கு ஆறு லட்சம் போட்டுவிட்டது.

வீட்டில் யாரும் இல்லை. சத்தம் போட்டுச் சிரித்தேன்.

பிறகு அந்தப் பேரரக்கனையே மாதிரியாக வைத்து மூன்றாம் கொத்தை அளந்தேன். ஓட்டம் 9.0. எடை மூன்று லட்சத்து எழுபதாயிரம் சூரியன். வெளிச்சம் சொன்னது மூன்றரை லட்சம். இரண்டு வழியும் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. மறைந்த நட்சத்திரம் ஒன்றும் இல்லை. கொத்துகள் ஒளித்துவைத்ததும் ஒன்றும் இல்லை.

இதை இங்கே மட்டும்தான் எழுத முடியும்: எனக்குச் சந்தோஷமாக இருந்தது. என் வேலை போகிறது என்று தெரியும். ஆனாலும் இரண்டு எண்ணும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க, ஒரு மணி நேரம் அந்தத் திரையை மூடவே மனம் வரவில்லை.

23 ஜூன்

காலையில் டீச்சருக்கு ஒரு வரைபடம் மட்டும் அனுப்பினேன். கீழே ஒரு வரி: ஒற்றை நட்சத்திரம், 11.5.

ஐந்து நிமிடத்தில் அழைத்தார். "இது ஒற்ற நட்சத்திரமோ?"

"ஒண்ணே ஒண்ணு டீச்சர்."

அவர் கண்ணாடி இப்போது நெற்றியில் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லையாம்: "சிரிக்கணோ கரயணோ" என்றார். பிறகு, "எழுது. நானும் ஒப்பிடாம்." கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தில் அவரும் கையெழுத்திடுவாராம்.

"நேர்காணல்ல இதைத்தான் சொல்லப் போறேன்" என்றேன்.

"வேற என்னத்த சொல்லுவ" என்றார், எனக்காகத் தமிழில்.

கடிதம் நான்கு வரி. கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம், அளவீட்டில் அடிப்படைப் பிழை, பிழை முதல் ஆசிரியரான என்னுடையது, மன்னிக்கவும். மூன்று பத்துக்கு அனுப்பினேன்.

24 ஜூன்

அப்பா சாப்பாட்டு மேசையில் கமிட்டி மினிட்ஸ் எழுதிக்கொண்டிருந்தார். சொன்னேன். எல்லாவற்றையும், குறிப்புப் பத்தியை வெட்டியது உட்பட.

பேனாவை மூடினார். "அப்ப நான் சபையில வாசிச்சது தப்பு."

"ஆமாப்பா."

"அன்னைக்கு ஒனக்குத் தெரியுமா?"

"சந்தேகம் உண்டு. நீங்க கேட்டப்ப சொல்லியிருக்கணும்."

அம்மா அடுக்களை வாசலில் நின்றாள். "ஜெர்மனி?"

"தெரியாதும்மா. போயிருக்கும்."

"பின்ன என்னத்துக்கு மக்கா நீயாட்டுப் போய்ச் சொன்ன? அவனுவளுக்கு இது எப்பம் தெரியப் போவுது? ஆறு வருசம். ஒனக்க கூடப் படிச்சவளுவ பிள்ளைய ஸ்கூலுக்கு விடுதாளுவ."

பதில் அப்பாதான் சொன்னார், என்னைப் பார்க்காமல், அம்மாவையும் பார்க்காமல்: "மினிட்ஸ்ல பிழை வந்தா அடுத்த கூட்டத்துல வாசிச்சுத் திருத்தணும் ஆனந்தபாய். திருத்தின பிறகாக்கும் கையெழுத்து."

ஆனால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அவர் உட்காரவில்லை. எனக்கு அது தெரியாமலில்லை.

29 ஜூன், ஞாயிறு

அப்பாவின் அறிவிப்புகள்: புல் வெட்டு தள்ளிவைப்பு, ஞாயிறு பள்ளித் தேர்வு. பிறகு, அதே குரலில்:

"சென்ற பதினைந்தாம் தேதி வாசித்த அறிவிப்பில் ஒரு திருத்தம். செல்வி லிஜா, வானத்தில் மறைந்திருந்த நட்சத்திரங்களைக் கண்டுபிடித்ததாக வாசிக்கப்பட்டது. அங்கே அப்படி மறைந்த நட்சத்திரங்கள் இல்லை என்பதை அவரே கண்டுபிடித்திருக்கிறார். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

பின் பெஞ்சில் யாரோ பழக்கத்தில் ஆமென் சொன்னார்கள்.

அப்பா காகிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்ததை மட்டும் பார்த்தேன். மடிப்பதற்கு நேரம் எடுத்தது.

வெளியே விஜயம்மா மாமி குடையை என் பக்கம் சாய்த்தாள். "இல்லேன்னு கண்டுபிடிச்சாலும் சம்பளம் குடுப்பானுவளா மக்களே?"

"குடுப்பானுவ மாமி. எனக்குக் குடுப்பானுவளான்னு தெரியாது."

3 ஜூலை

மதியம் இரண்டரை. மூன்று பேர் திரையில். ஜெனில் நிலையத்திலிருந்து பேட்டரியைக் கழற்றிக் கொண்டுவந்து வைத்திருந்தான். கறண்டு போகவில்லை.

முதல் வாக்கியத்தை மனப்பாடம் செய்திருந்தேன்: "நீங்கள் என்னை அழைக்கக் காரணமான கட்டுரையைப் பத்து நாளுக்கு முன் திரும்பப் பெற்றேன். ஏன் என்று சொல்கிறேன்." ஒருவர் கண்ணாடியைக் கழற்றினார். நான் நிறுத்தவில்லை. ஒற்றை நட்சத்திரத்துக்கு ஆறு லட்சம் சூரியன் என்ற வரைபடம் வந்தபோது இரண்டு பேர் சிரித்தார்கள். நல்ல சிரிப்பு.

அவர்களில் ஒரு பெண் கேட்டார்: இதுவரை வெளிவந்த அளவுகளில் எத்தனையில் இதே பிழை இருக்கலாம்? பதினொரு கட்டுரைகளின் செய்முறைப் பகுதியை வாசித்தேன்; நான்கில் எந்த மாதிரி என்று எழுதவே இல்லை, அதனால் தெரியாது என்றேன். அவர் குறித்துக்கொண்டார். இன்னொருவர்: பிழையை யார் சுட்டிக்காட்டினார்கள்? யாருமில்லை, சின்னக் கொத்துதான் காட்டியது என்றேன்.

முடிந்து இரண்டு கிளாஸ் சாயா குடித்தேன்.

18 ஜூலை

அஞ்சல் வந்தது. பட்டியலில் இரண்டாவது. முதலாமவர் வேண்டாம் என்றால் எனக்கு.

அவர் வேண்டாம் என்று சொல்லமாட்டார். நானாக இருந்தாலும் சொல்லமாட்டேன்.

19 ஜூலை

அழுதேன். போவட்டும். எல்லாருக்கும் தெரியும்படியே அழுதேன், அம்மாவுக்க மடியில கிடந்து. அம்மா அன்னைக்குக் கேட்டதத் திருப்பிச் சொல்லிக்காட்டல.

நாளை முதல் ஒன்றாம் கொத்து. எல்லாவற்றையும் முதலிலிருந்து.

2 செப்டம்பர்

புதிய கட்டுரையின் தலைப்பை டீச்சர் மூன்று முறை மாற்றினார். கடைசியில் நின்றது மிகச் சாதாரணமான ஒன்று. ஐந்து கொத்துகளின் எடை. கவர்ச்சியாக எதுவும் இல்லை. ஒற்றை நட்சத்திரச் சோதனைக்குத் தனிப் பிரிவு வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். "யாரு வாயிக்கும்?" என்றார். வாசிக்காவிட்டால் போகட்டும், இருக்கட்டும் என்றேன்.

இந்த முறை ஷிபின் சேட்டன் முழுவதும் வாசித்தார். பதினேழு திருத்தங்கள் அனுப்பினார், பதினான்கு காற்புள்ளி.

11 நவம்பர்

பத்திரிகை நடுவரின் அறிக்கை: "முடிவில் புதுமை இல்லை. ஆனால் நான்காம் பிரிவு பயனுள்ளது. வெளியிடலாம்." நான்காம் பிரிவுதான் ஒற்றை நட்சத்திரச் சோதனை.

ஐந்தாம் கொத்துக்கு எடை சொல்ல முடியவில்லை. கொதிப்பைக் கழித்தபின் மிஞ்சும் ஓட்டம், கருவி பிரித்தறியும் எல்லைக்குக் கீழே போய்விட்டது. அட்டவணையில் அந்த இடத்தில் 'ஒன்றேகால் லட்சத்துக்குக் குறைவு' என்று மட்டும் போட்டேன்.

22 ஜனவரி 2026, வியாழன்

கட்டுரை போன வாரம் வெளிவந்தது. ஆய்வேட்டைத் திங்களன்று சமர்ப்பித்தேன். வேறு நான்கு இடங்களுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். பதில் ஒன்றும் வரவில்லை.

இன்று காலை முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து அஞ்சல். ஜெர்மனியில் எனக்குக் கிடைக்காத அந்த இடத்தில் அக்டோபரில் சேர்ந்தவர். முன்பு அளந்து வெளியான ஏழு கொத்துகளின் எடையைச் சரிபார்ப்பதுதான் அவருக்குக் கொடுக்கப்பட்ட முதல் வேலையாம். ஐந்தில் எடை குறையும் போலத் தெரிகிறது, ஒற்றை நட்சத்திரச் சோதனையின் நிரலைத் தர முடியுமா என்று கேட்டிருந்தார்.

மூன்று தடவை வாசித்தேன். பிறகு நிரலைச் சுத்தம் செய்து, எப்படி ஓட்டுவது என்று இரண்டு பக்கம் எழுதி, எங்கே வழுக்கும் என்பதையும் எழுதி, மதியம் சோறு உண்பதற்கு முன் அனுப்பிவிட்டேன்.